சகர், யவனர், மதராஸி: பிறருக்கு இட்ட பெயர்களின் கதை

தில்லியில் விமானம் இறங்கும் நிலம் பாலம் என்ற பழைய கிராமத்தை ஒட்டியது. இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தின் முந்தைய பெயரே பாலம்தான். 1276ஆம் ஆண்டில் அந்தக் கிராமத்தின் கிழக்கே ஒரு படிக்கிணறு வெட்டப்பட்டது. வெட்டுவித்தவர் உத்தரர், தக்குரர் என்ற பட்டம் உடைய செல்வந்தர். அவருக்குப் பூர்வீகம் தில்லியில்லை. பஞ்சாபின் நதிகள் ஒன்றுகூடும் பகுதியில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் உச் என்ற ஊர். பிழைக்க வந்த நகரத்தில், வழிப்போக்கரின் தாகம் தீரக் கிணறு வெட்டினார். தங்க ஓய்விடங்களும் கட்டினார். யோகீஸ்வரர் என்ற பண்டிதர் அதைச் சமஸ்கிருதச் செய்யுளில் பாட, அது கல்லில் ஏறியது. ஒரு பகுதி மட்டும் அந்த வட்டாரத்து மக்கள் பேசிய மொழியில் இருக்கிறது.

அந்தக் கல்வெட்டு நாட்டின் வரலாற்றை மூன்றே படிகளில் சொல்கிறது. அரியானம் என்னும் இந்நிலத்தை முதலில் தோமரர் ஆண்டார்கள். அடுத்துச் சௌகானர் ஆண்டார்கள். இப்போது சக அரசர்கள் ஆள்கிறார்கள். சக அரசர்களின் வரிசை முகம்மது கோரியில் தொடங்கி, குத்புதீன் ஐபக், இல்துத்மிஷ் என்று இறங்கி, அன்று அரியணையில் இருந்த கியாசுதீன் பால்பனில் வந்து நிற்கிறது. ரஸியா சுல்தானாவும் ஜலாலதீனன் என்ற பட்டப்பெயரோடு அந்த வரிசையில் இருக்கிறார். அமீர் என்ற அரபுச் சொல் ஹம்மீரன் என்றாகிறது. பால்பனைப் புகழும்போது பண்டிதர் ஒரு படி மேலே போகிறார்: பூமிப் பாரத்தை இந்த அரசனே சுமப்பதால் ஆதிசேஷன் தன் வேலையை விட்டுத் திருமாலுக்குப் படுக்கையாகிவிட்டான், திருமாலும் கவலையை இறக்கி வைத்துவிட்டுத் திருப்பாற்கடலில் நிம்மதியாக உறங்குகிறார்.

பால்பன் துருக்கர், அடிமையாக விலைக்கு வாங்கப்பட்டு வந்து சுல்தானானவர், தன்னைப் பாரசீகக் காவியங்களில் வரும் அஃப்ராசியாப் மன்னனின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டவர். அவருக்கும் பழைய சகருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. சகர் வடமேற்கிலிருந்து வந்து ஆண்டது, பால்பனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால். அப்படியிருக்க, யோகீஸ்வரர் ஏன் அந்தப் பெயரைத் தேர்ந்தார்? முஸ்லிம் என்ற சொல் ஏன் கல்லில் ஏறவில்லை? ‘நாம்’ யார், ‘பிறர்’ யார் என்ற கேள்விக்குப் பழங்காலம் எப்படிப் பதில் சொன்னது என்பதை அறிய, இந்தக் கிணற்றடியைவிடப் பொருத்தமான இடம் தில்லியில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் விடையைத் தேட, அந்தக் கேள்வியைத் தம் அரசின் நடுவிலேயே வைத்து விவாதித்த ரோமரிடம் முதலில் போக வேண்டும்.

ரோமர் என்பவர் யார்?

ரோமர் தம் தோற்றத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைகள் வியப்பானவை. ஏதென்ஸ் மக்கள் தாங்கள் அந்த மண்ணிலிருந்தே முளைத்தவர்கள் என்று பெருமை பேசினார்கள். ரோமரோ தங்கள் மூதாதை ஏனியாஸ், டிராய் நகரம் எரிந்தபோது தப்பி வந்த அகதி என்றார்கள். நகரை நிறுவிய ரோமுலஸ், ஆள் சேர்ப்பதற்காக ஓர் அடைக்கல இடத்தை அமைத்து, ஓடிவந்த அடிமைகளையும் கடனாளிகளையும் ஏற்றுக்கொண்டான் என்றார்கள். முதல் மனைவியரை அண்டை நாட்டுச் சபைனரிடமிருந்து கவர்ந்து வந்ததாகவும் சொன்னார்கள். வந்தேறிகள் கூடி ஆன ஊர் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதையே தொடக்கக் கதையாக வைத்தார்கள்.

இந்தக் கதை அரசியல் வாதமாக மாறிய நாள் ஒன்று உண்டு. கி.பி. 48இல் கால் நாட்டின் (இன்றைய பிரான்சின் பெரும்பகுதி) பெருங்குடித் தலைவர்கள் ரோமின் செனட்டில் இடம் கேட்டார்கள். செனட்டர்கள் முணுமுணுத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அலேசியாவில் ஜூலியஸ் சீசரை முற்றுகையிட்டவர்களின் பேரன்கள் நம்மோடு உட்காருவதா என்பது அவர்கள் ஆத்திரம். பேரரசர் கிளாடியஸ் எழுந்து பேசினார். அந்தப் பேச்சு வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டு, 1528இல் லியோன் நகரில் கிடைத்தது. அதில் அவர் ரோமின் பழைய அரசர்களை ஒவ்வொருவராக எண்ணுகிறார். நூமா சபைன் நாட்டவர். தார்க்வினியஸின் தந்தை கொரிந்து நகரத்துக் கிரேக்கர். செர்வியஸ் துல்லியஸ் ஒரு போர்க்கைதிப் பெண்ணின் மகன். வெளியிலிருந்து வந்தவர்களே அரசாண்ட ஊரில் வெளியாருக்குச் செனட்டில் இடம் கொடுப்பது புதுமையா என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதே பேச்சைத் தன் நடையில் எழுதும்போது இன்னொரு காரணத்தையும் சேர்க்கிறார்: ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் போரில் வென்றும் அழிந்ததற்குக் காரணம், வென்ற மக்களைக் கடைசிவரை அந்நியராகவே வைத்திருந்ததுதான். கிளாடியஸ் பிறந்த ஊர் எது என்று பார்த்தால், அது அந்தக் கால் நாட்டின் லியோனேதான்.

ரோமர் என்பது ரத்தத்தின் பெயராக இல்லாமல் சட்டத்தின் பெயராக இருந்தது. குடியுரிமை கொடுக்கலாம், பெறலாம், சில சமயம் விலைக்கும் வாங்கலாம். விடுதலை பெற்ற அடிமை, உரிய முறையில் விடுவிக்கப்பட்டால், குடிமகனானான். இதைப் பார்த்து மக்கெதோனிய அரசன் ஐந்தாம் பிலிப், கி.மு. 215 வாக்கில், லாரிசா நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் ரோமரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறான்: அடிமைகளைக்கூட விடுவித்துக் குடிமக்களாக்கிக்கொள்வதால்தான் அவர்கள் பெருகுகிறார்கள் என்கிறான். பகைவனே கொடுத்த சான்று இது.

கிறிஸ்தவ வேதத்தில் பவுலின் கதை தமிழ் வாசகருக்குத் தெரிந்தது. தர்சு நகரத்து யூதர், கிரேக்கம் பேசியவர், சவுக்கால் அடிக்கக் கட்டியபோது தான் ரோமக் குடிமகன் என்று சொல்லி அந்த அடியை நிறுத்தினார். படைத்தலைவன் தான் பெரும்பணம் கொடுத்து அந்த உரிமையை வாங்கியதாகச் சொல்ல, தான் பிறப்பிலேயே குடிமகன் என்றார் பவுல். ஒரே மனிதருக்குள் யூதர், கிரேக்க மொழியினர், ரோமர் என்ற மூன்றும் முரணின்றி இருந்தன. அர்ப்பினும் என்ற சிற்றூரில் பிறந்த சிசரோ, தனக்கு இரண்டு தாய்நாடுகள் என்றார்: ஒன்று பிறந்த ஊர், மற்றொன்று குடியுரிமை தந்த ரோம். லத்தீன் கவிதையின் தந்தை எனப்படும் என்னியஸ், கிரேக்கம், ஆஸ்கன், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளும் தெரிந்ததால் தனக்கு மூன்று இதயங்கள் என்று சொல்லிக்கொண்டதாகக் குறிப்பு இருக்கிறது. கி.பி. 212இல் பேரரசர் காரகல்லா, பேரரசின் அடிமையல்லாத மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை தந்தார். அவருடைய தந்தை செப்டிமியஸ் செவெரஸ் பிறந்தது இன்றைய லிபியாவில். அதற்கு முன் பேரரசர் டிராஜன் ஸ்பெயினிலிருந்து வந்திருந்தார்.

ஒரு பழைய பெயர், பல புதிய மக்கள்

தம்மைச் சட்டத்தால் வரையறுத்த ரோமர், பிறரை எப்படி வரையறுத்தார்கள்? அதற்கு அவர்கள் கைக்கொண்டது ஒரு பழைய பெயர்ப்பட்டியல். கிரேக்கர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வடக்குப் புல்வெளிகளில் குதிரையேறித் திரிந்தவர்களைச் சித்தியர் என்றார்கள். சித்தியர் மறைந்த பிறகும் பெயர் மறையவில்லை. ஹூணர் வந்தபோது அவர்களும் சித்தியர். பின்னால் துருக்கர், மங்கோலியர் வந்தபோது கான்ஸ்டான்டிநோபிளின் எழுத்தாளர்கள் அவர்களையும் சித்தியர் என்றே எழுதினார்கள்.

கி.பி. 449இல் ஹூண அரசன் அட்டிலாவிடம் தூது போன பிரிஸ்கஸ், அங்கே கண்ட ஒரு காட்சியை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். சித்தியர் உடையில், அவர்களைப் போலவே தலைமயிர் கத்தரித்த ஒருவன் வந்து அவரைக் கிரேக்க மொழியில் வணங்கினான். பிரிஸ்கஸ் திகைத்துப்போனார். அவன் தானூபு நதிக்கரை நகரம் ஒன்றில் வணிகனாக இருந்தவன்; ஹூணர் அந்நகரைப் பிடித்தபோது கைதியானான்; அவர்களுக்காகப் போரிட்டு விடுதலை பெற்று, அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டான். ரோமில் வரிக்கொடுமையும் பணக்காரனுக்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதியும் இருக்கின்றன; இங்கே நான் நிம்மதியாக இருக்கிறேன் என்றான். பிரிஸ்கஸ் ரோமச் சட்டத்தின் சிறப்பை எடுத்துச் சொல்ல, சட்டம் நல்லதுதான், நடத்துகிறவர்கள் பழையவர்களைப் போல இல்லை என்று அவன் கண்கலங்கினான். எல்லைக்கோட்டை ஒருவன் இரு பக்கமும் கடக்க முடிந்தது. கடந்தவன் இரு பக்கத்தையும் எடைபோடவும் முடிந்தது.

இப்போது பாலம் கல்வெட்டுக்குத் திரும்பினால் ஓர் உண்மை பளிச்சிடுகிறது. கிரேக்கர் சித்தியர் என்று அழைத்த அதே புல்வெளி மக்களைத்தான் பாரசீகரும் இந்தியரும் சகர் என்றார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வந்த துருக்கரை மேற்கே கான்ஸ்டான்டிநோபிளில் சித்தியர் என்றார்கள்; கிழக்கே தில்லியில் சகர் என்றார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு எழுத்து மரபுகள், தத்தம் பழைய ஏட்டைப் புரட்டி, புதிதாக வந்தவருக்கு அதே மக்களின் பெயரை எடுத்துக் கொடுத்திருக்கின்றன. வடமேற்குக் குதிரைவீரர் நமக்குப் புதியவரில்லை, அவருக்கான இடம் நம் புராணங்களிலேயே இருக்கிறது என்பதே யோகீஸ்வரர் அந்தப் பெயரால் சொன்னது. தோமரர், சௌகானர், சகர் என்ற வரிசையில் வைத்ததுமே சுல்தான் நிலத்தின் அரசர்களுள் ஒருவராகிவிடுகிறார்.

பாலம் கல்வெட்டு தனியான ஒன்றல்ல. 1327இல் நாராயணா கிராமத்திலும், 1328இல் ரைசினா அருகே இருந்த சர்பன் கிராமத்திலும் வணிகர்கள் கிணறு வெட்டிச் சமஸ்கிருதக் கல்வெட்டு நிறுத்தினார்கள். தோமரர், சௌகானர் என்ற வரிசை சர்பனில் மீண்டும் வருகிறது. அன்றைய தில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக் ஆளும் அரசராக அமர்ந்திருக்கிறார். அங்கே முகம்மது கோரி மிலேச்சர் என்றே குறிக்கப்படுகிறார். ஆனால் வசையாக அல்ல, பகைவர் காட்டைத் தன் வீரத்தீயால் எரித்து நகரைக் கைக்கொண்டவர் என்ற புகழோடு. இக்கல்வெட்டுகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர் புஷ்பா பிரசாத். இவற்றையும் இவை போன்ற பிற சான்றுகளையும் வைத்து, பிரஜதுலால் சட்டோபாத்யாய 1998இல் ஒரு நூல் எழுதினார். 8 முதல் 14ஆம் நூற்றாண்டுவரையிலான சமஸ்கிருதச் சான்றுகள் தாஜிகர், துருஷ்கர், பாரசீகர், சகர், யவனர், மிலேச்சர் என்று இன, நிலப் பெயர்களால்தான் வந்தவர்களைக் குறித்தன, மதப் பெயரால் ஒரே திரளாகப் பார்க்கவில்லை என்பது அவருடைய முடிவு.

தமிழ் வழக்கும் இதற்கு விலக்கில்லை. அயோனியாவின் கிரேக்கரைக் குறித்த சொல் பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு யவனர் என்று வந்தது. சங்கப் பாடல்களில் அது பொன்னோடு வந்து மிளகோடு போன மேற்குலகத்தார் எல்லோரையும் குறித்தது. ரோமப் பேரரசின் வணிகர்களும் அதில் அடக்கம். முல்லைப்பாட்டில் யவனர் பாசறை காக்கிறார்கள். அங்கேயே மிலேச்சர் பேச்சு வராமல் உடல்சைகையால் செய்தி சொல்கிறார்கள். பதிற்றுப்பத்தின் பதிகம் யவனரைக் கடுஞ்சொல்லர் என்கிறது. தமிழர் பிறரை அளந்த கோல் மொழி. வேங்கடத்துக்கு அப்பால் உள்ள நிலத்துக்குச் சங்கப் புலவர்கள் சொன்ன பெயரே மொழிபெயர் தேயம், அதாவது மொழி மாறும் நாடு. கிரேக்கர் புரியாத பேச்சைப் ‘பர் பர்’ என்று கேட்டுப் பார்பரோஸ் என்ற சொல்லை உண்டாக்கியதற்கு இது மிக அருகில் வருகிறது.

யவனர் என்ற சொல் அத்தோடு நிற்கவில்லை. கிரேக்கர் போய் அரபியர் அதே கடல்வழியில் வந்தபோது, அவர்களுக்கும் அந்தப் பெயர் நீண்டது. யோனகர், சோனகர் என்று உருமாறியது. இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் இன்றும் அதிகாரப் பதிவுகளில் இலங்கைச் சோனகர். அதே சமூகத்துக்கு ஆங்கிலத்தில் மூர் என்று பெயர்; போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அதன் வேர், வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த மக்களுக்கு ரோமர் இட்ட மௌரி என்ற லத்தீன் பெயர். கொழும்பிலும் காத்தான்குடியிலும் வாழும் ஒரு தமிழ் முஸ்லிமின் ஒரு பெயரில் கிரேக்க அயோனியாவும் மற்றொரு பெயரில் ரோம ஆப்பிரிக்காவும் ஒளிந்திருக்கின்றன. அவருடைய மூதாதையருக்கும் அந்த இரண்டு நிலங்களுக்கும் உறவு தேட வேண்டியதில்லை. பெயர் வைத்தவர்கள் கையில் இருந்த பழைய அகராதிதான் காரணம்.

ரோம் என்ற பெயரும் இப்படியே நடந்தது. கான்ஸ்டான்டிநோபிள் மக்கள் 1453 வரை தங்களை ரோமர் என்றே அழைத்தார்கள். அவர்களுடைய அனத்தோலிய நிலத்தை அரபியரும் பாரசீகரும் ரூம் என்றார்கள். பல்க் பகுதியில் வேர்கொண்ட பாரசீகக் கவிஞர் ஜலாலுதீன், கொன்யாவில் வாழ்ந்ததால் ரூமி, அதாவது ரோமர் ஆனார். அவர் மறைந்தது 1273இல், பாலம் கிணறு வெட்டப்படுவதற்கு மூன்றே ஆண்டுகள் முன்பு. 1526இல் பானிபட்டில் பாபரின் பீரங்கிகளை இயக்கியவர்களில் ஒருவர் முஸ்தஃபா ரூமி. தில்லியின் வாசலில் முகலாய ஆட்சியைத் திறந்துவைத்த கைகளில் ஒன்றுக்கு ரோமின் பெயர் இருந்தது.

தில்லியின் மூன்று இதயக் கவிஞர்

பெயரிடப்பட்டவர்கள் தங்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? அதற்குத் தில்லியில் தெளிவாகப் பதில் சொன்னவர் அமீர் குஸ்ரோ. 1253இல் பிறந்தார். தந்தை லாசின் குலத்துத் துருக்கர். தாய், பால்பனின் படைத்துறைத் தலைவராக இருந்த இந்திய வம்சத்து இமாதுல் முல்கின் மகள். குஸ்ரோ தன்னை இந்தியத் துருக்கர் என்று சொல்லிக்கொண்டார். அரபு மொழியில் கேட்பதைவிட ஹிந்தவியில் கேட்டால் இனிமையாகப் பதில் சொல்வேன் என்ற பொருளில் எழுதினார். என்னியஸின் மூன்று இதயங்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன.

1318இல் அவர் எழுதிய நூஹ் சிபிஹர் என்ற பாரசீகக் காவியத்தின் மூன்றாம் பகுதி இந்தியாவின் பெருமையைப் பேசுகிறது. சொர்க்கத்திலிருந்து ஆதாம் இறங்கிய நிலம் இது, எண்களும் சதுரங்கமும் பஞ்சதந்திரக் கதைகளும் உலகத்துக்கு இங்கிருந்தே போயின என்று வாதாடுகிறார். பிராமணரின் கல்வியை மதித்துப் பேசுகிறார். இந்த நாட்டார் வெளிநாட்டு மொழி எதையும் பேசிவிடுவார்கள், வெளியார் இவர்கள் மொழியைப் பேச முடிவதில்லை என்கிறார். பிறகு மொழிகளின் பட்டியல் வருகிறது: சிந்தி, லாகூரி, காஷ்மீரி, துவாரசமுத்திரத்து மொழி, திலங்கி, குஜராத்தி, மாபரி, வங்காளி, அவதி, தில்லியின் மொழி என்று. மாபரி என்பது தமிழ். தில்லியில் உட்கார்ந்துகொண்டு ஒரு துருக்கர் மகன், தன் நாட்டின் மொழிகளை எண்ணும்போது தமிழையும் எண்ணினார். வேங்கடத்துக்கு வடக்கே மொழிபெயர் தேயம் என்று நம் புலவர்கள் சொன்ன திசையிலிருந்து வந்த கணக்கு இது.

அதே குஸ்ரோ வேறு முகத்தையும் காட்டியவர். 1285இல் மங்கோலியரிடம் கைதியாகி, தப்பி வந்தார். அவர்களுடைய முகத்தையும் நாற்றத்தையும் உணவையும் பற்றி அவர் எழுதியது, ஹூணரைப் பற்றி ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதிய வெறுப்புக்குச் சற்றும் குறையாதது. தில்லிப் படைத்தலைவர் மாலிக் காஃபூர் 1311இல் தமிழகத்தின்மேல் படையெடுத்துக் கோயில்களைச் சூறையாடியதை, அவர் வெற்றிக் களிப்போடு எழுதினார். இந்தியாவைச் சொர்க்கம் என்ற பேனாவும் அந்தச் சொர்க்கத்தின் கோயில்கள் இடிந்ததைக் கொண்டாடிய பேனாவும் ஒன்றே. இதைக் கழித்துவிட்டுக் குஸ்ரோவைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

எல்லைக்கோட்டின் கடுமை

கோடு கடக்கத்தக்கது என்று சொல்வதால் அது வலிக்கவில்லை என்று ஆகாது. கிளாடியஸ் கால் நாட்டாருக்குச் செனட்டைத் திறந்தது, அந்த நாட்டை ரத்தத்தில் தோய்த்து வென்றதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. அதே கிளாடியஸ்தான் கி.பி. 43இல் பிரிட்டன்மேல் படையெடுத்தவர். கி.பி. 70இல் ரோமப்படை எருசலேம் கோயிலை எரித்தது. ரோமக் கவிஞர் ஜுவெனல், சிரியாவின் ஒரோன்டஸ் நதியே டைபர் நதியில் வந்து கலந்துவிட்டதாக வெளியூராரைச் சாடிக் கவிதை எழுதினார். 212இல் எல்லோரும் குடிமக்கள் ஆன பிறகு, மேலோர், கீழோர் என்ற புதிய பிரிவு சட்டத்தில் கூர்மையாயிற்று. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை.

தில்லியிலும் அப்படித்தான். குத்புமினார் வளாகத்து மசூதியின் கிழக்கு வாயில் கல்வெட்டு, 27 கோயில்களின் பொருள்களால் அது கட்டப்பட்டதாக வெளிப்படையாகச் சொல்கிறது. பாலம் கல்வெட்டு வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் பின்பு, செல்வமும் பாதுகாப்பும் பெற்ற ஒருவரிடமிருந்து. தெற்கே ஆந்திரத்து விலச செப்பேடும், விஜயநகர இளவரசி கங்காதேவியின் மதுரா விஜயமும் 14ஆம் நூற்றாண்டிலேயே துருஷ்கரால் விளைந்த துயரத்தை உக்கிரமாகச் சொல்கின்றன. சங்க காலத்தில் மதுவும் விளக்கும் கொண்டுவந்த யவனர் என்ற பெயர், அங்கே கோயிலை அழித்தவருக்குச் சூட்டப்படுகிறது. எழுதியவர் எங்கே நின்றார் என்பதைப் பொறுத்துச் சொல்லின் சூடு மாறியது.

சுல்தான்களின் அவைக்குள்ளும் கோடுகள் இருந்தன. முகம்மது பின் துக்ளக் வெளிநாட்டாரைப் பரதேசி என்று அழைக்கக் கூடாது, மதிப்புக்குரியவர் எனப் பொருள்படும் அஜீஸ் என்றே அழைக்க வேண்டும் என்று ஆணையிட்டதாக, அவரிடம் காஜியாக இருந்த மொராக்கோ நாட்டு இப்னு பதூதா எழுதியிருக்கிறார். அதே சுல்தான் தோட்டக்காரரையும் நெசவாளரையும் பதவியில் ஏற்றிவிட்டார் என்று வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரனி புலம்பினார். பரனிக்குப் பிறர் என்றால் வேற்று மதத்தாரோடு நிற்கவில்லை. தன் மதத்துக்குள்ளேயே பிறப்பில் தாழ்ந்தவராக அவர் கருதியவர்களும் பிறரே. அடிமைகள் சுல்தான்களான நகரத்தில் பிறப்பு மேன்மையைப் பேசியவர் அவர்.

திருவரங்கத்தில் தில்லியின் மகள்

பெயர் வசையாக மாறும் காலத்திலேயே அது வேறு வழியிலும் போகலாம் என்பதற்குத் தமிழகத்தில் ஒரு சான்று உண்டு. திருவரங்கம் கோயில் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு, அரங்கன் திருமேனி தில்லிக்குக் கொண்டுபோகப்பட்டதையும், சுல்தானின் மகள் அவர்மேல் காதல் கொண்டதையும், திருமேனி திரும்பியபோது அவளும் பின்னால் வந்ததையும் சொல்கிறது. இதை நடந்ததென்று நிறுவ முடியாது; நம்பிக்கையின் வரலாறு என்றே கொள்ள வேண்டும். கோயில் அவளுக்குத் துலுக்க நாச்சியார் என்று பெயரிட்டு இடம் கொடுத்தது. அவள் சந்நிதியில் விக்கிரகம் இல்லை, சுவரில் ஓவியம். வெண்பொங்கலும் அக்காரவடிசிலும் படைக்கும் அந்தக் கோயிலில் அவள் பெயரால் கோதுமை ரொட்டி நிவேதனமாகிறது.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். படையெடுப்பின் காயம் ஆறாத காலம். துலுக்கர் என்ற சொல், துருக்கர் என்பதன் தமிழ் வடிவம். அது அச்சத்தோடும் கசப்போடும் ஒலித்திருக்கும். அந்தச் சொல்லோடு நாச்சியார் என்ற சொல்லைச் சேர்த்தவர்கள் பெயரை மாற்றவில்லை, மதத்தை மறைக்கவில்லை, உணவையும் மாற்றவில்லை. பிறர் என்ற அடையாளத்தோடேயே உறவாக்கிக்கொண்டார்கள். ரோமர் இதைச் சட்டத்தால் செய்தார்கள். உத்தரரின் பண்டிதர் அரசர் வரிசையால் செய்தார். திருவரங்கத்தார் ரொட்டியால் செய்தார்கள்.

கிணறும் குடியிருப்பும்

இந்த வழக்கு முடிந்துபோன பழங்கதையில்லை. தில்லியில் தமிழருக்கும், மலையாளிக்கும், தெலுங்கருக்கும், கன்னடருக்கும் நெடுங்காலமாக ஒரே பெயர்: மதராஸி. பழைய மதராஸ் மாகாணம் இல்லாமற்போன பிறகும் அந்தப் பெயர், சகர், யவனர் போலவே, வாழ்கிறது. நாமும் அதைக் கொஞ்சகாலம் எடுத்து அணிந்தோம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தொடக்கத்தில் தனக்கு வைத்துக்கொண்ட பெயரே மதராஸி கல்விச் சங்கம். பிறர் இட்ட பெயரைத் தன் பெயராக்கிக்கொள்வது பெரிய மரபு. பாரசீகர் சிந்துவைச் சொன்ன விதத்தில் பிறந்த இந்து என்ற சொல்லை, விஜயநகர அரசர்கள் 14ஆம் நூற்றாண்டில் இந்துராய சுரத்ராணர், அதாவது இந்து அரசருள் சுல்தான், என்று பட்டமாகவே சூடினார்கள். தங்களுடையது என்று அவர்கள் நிறுத்திய பட்டத்தில் இரண்டு சொற்கள் வெளியிலிருந்து வந்தவை.

ஆனால் பெயர் இருந்தும் இடம் இல்லாமற்போகலாம். தெற்குத் தில்லியில், ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் ஓரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்த குடிசைப் பகுதிக்கு மதராஸி கேம்ப் என்று பெயர். அங்கிருந்து வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்த் தில்லியை நடத்திக் கொடுத்தவர்கள் அவர்கள். வடிகாலை அடைக்கிறது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2025 ஜூன் 1ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. வெள்ளம் வடிய வேண்டும் என்பது மெய்யான தேவைதான். ஆயினும் அத்தனை ஆண்டு உழைப்புக்கு, இந்த ஊர்க்காரர் என்ற தகுதியை நகரம் தரவில்லை என்பதும் மெய்.

ரோமின் செனட்டர்கள் கேட்டதும் பரனி கேட்டதும், இவர் எங்கிருந்து வந்தவர் என்ற கேள்வி. கிளாடியஸ் அதைத் திருப்பிப் போட்டு, நம்மில் யார்தான் எங்கிருந்தோ வராதவர் என்று கேட்டார். 1276இல் உச் நகரிலிருந்து வந்த உத்தரரிடம் தில்லி அந்தக் கேள்வியைக் கேட்டு, அவர் பூர்வீகத்தைக் கல்லிலேயே எழுதிக்கொண்டது. அவர் வெட்டிய கிணற்றையும் அதே கல்லில் எழுதிக்கொண்டது. வந்த ஊரும் செய்த நன்மையும் ஒரே கல்லில், ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கின்றன. மதராஸி கேம்ப்பிலிருந்து நரேலாவுக்குப் போனவர்களின் பெயரும் உழைப்பும் அப்படி ஒரே இடத்தில் எழுதப்பட வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த நகரத்துக்கு அது தெரிந்திருந்தது.